ஆர்

"என்ன படிக்கிறாய் இந்தச் சாமத்தில?"
"ஆர்."
"ஆரோ? ஆர் அது?"
கதவு நிலையில் சாய்ந்து
மறுபடி கேட்கிறா றெஜினா மச்சாள்.
ஒற்றை எழுத்து, மச்சாள், ஒரு கணினி மொழி,
சராசரி பார்க்க, விலகல் பார்க்க…
"ஆர் எண்டு கேட்டா
ஆர் எண்டே சொல்லுறாய்"
என்று போய்ப் படுத்துவிட்டா.

திருக்கடலூர் மீனவர் சங்கத்தில்
பதினொரு வருசம் பதிவேடு எழுதினவள் நான்.
சிவப்பு மட்டைக் கொப்பியில் வள்ளங்கள்,
நீல மட்டையில் பட்ட மீன்.
இப்போது அவை இரண்டு அட்டவணை.
நடுவில் ஒரு திறப்பு வேண்டும் என்கிறது பாடம்,
வள்ளத்துக்கு ஒன்று, ஒருநாளும் மாறாதது.
முதலில் பெயரை வைத்தேன்.
கடலரசி என்று மூன்று வள்ளம்,
ஒன்று உப்புவெளியில், இரண்டு இங்கேயே,
முகம் பார்க்காத அண்ணன் தம்பியுடையவை.
இணைத்தால்
அண்ணன் பிடித்த அறுக்குளா
தம்பி கணக்கில் துள்ளியது.
இலக்கம் கொடுத்தேன்.
மறுபடி பிரிந்தார்கள்.

மீன் பட்டவை மட்டும் வந்தன, மற்ற வள்ளம் எங்கே?
கிண்ணியாவிலிருந்து ஃபஸ்ரினா குரல் அனுப்பினா:
"இடப்பக்கத்தைப் பிடிச்சிக்கிட்டு இணைங்க,
அப்பத்தான் ஒருத்தரும் விடுபட மாட்டாங்க."
பிடித்தேன். எல்லாரும் வந்தார்கள்,
வெற்றுக் கட்டங்களோடு.

நல் என்று தமிழில் குறித்து வைத்தேன்,
நல்வரவில் வருகிற அதே நல்.
இல்லை என்பதல்ல பொருள்,
தெரியாது என்பது.
பூச்சியம் என்றால்
விடிய மூன்றுக்குப் போய் வலை போட்டுப்
பாசியோடு திரும்பினது.
நல் என்றால்
போனதா, போகவில்லையா,
இஞ்சின் பிழையா, வாடைக்காற்றா,
எழுதின துண்டு என் மேசைக்கு வரவில்லையா.
ஒரு துண்டை மான் தின்றது. பொய்யில்லை.
சங்கத்து வாசலில் வெயிலுக்கு ஒதுங்கி நின்று
காற்றில் விழுந்த புள்ளிவிபரத்தை
என்னைப் பார்த்தபடியே மென்றது புள்ளிமான்.

எண்ணெய் மானியப் பட்டியலுக்கு
வள்ளத்துக்கு வள்ளம் சராசரி கேட்டார் செயலாளர்.
"காலியாக் கிடக்கிறதுக்குப் பூச்சியம் போடும் பிள்ளை.
காலி எண்டா பூச்சியம்தானே."
போட்டேன்.
பெனடிக்ற்றின் வள்ளம் கோட்டுக்குக் கீழே இறங்கியது.
ஒன்பது கிழமை முதுகுத்தண்டு வெட்டுக்காயத்தோடு
அவர் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்,
வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது.
கடலுக்கே போகாத மனிசனை
வெறுங்கையோடு திரும்ப வைத்திருந்தேன்,
ஒன்பது தரம்.

பூச்சியங்களை எடுத்துவிட்டு எஸ்கியூஎல்லைக் கேட்டேன்.
காலிக் கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய்
மிச்சத்தை வகுத்து இலக்கம் சொன்னது, கெட்டிக்காரி.
ஆர் அப்படியில்லை.
நாற்பத்து மூன்று கிழமை தெரியும்,
ஒன்பது தெரியாது, சராசரி என்ன?
தெரியாது என்றது.
மறுபடி ஓட்டினேன்.
தெரியாது.
கரண்ட் போய் வந்தது, நாய் குரைத்து ஓய்ந்தது.
தெரியாது.
தெரியாததை விட்டுவிடு என்று நீயே எழுது,
விட்டது நீ என்று எழுத்தில் இருக்கட்டும்,
பிறகு சொல்கிறேன்.
இப்படித்தான் எனக்கு விளங்கியது.

எழுதினேன். இலக்கம் வந்தது.
பக்கத்தில் இன்னொரு நிரல் சேர்த்தேன், காரணம் என்று.
விடிந்ததும் கரைக்கு இறங்கி
கட்டம் கட்டமாய்
ஆர், எப்ப, ஏன் என்று கேட்டுத் திரிந்தேன்.
சூடை வலை உதறிக்கொண்டே சிலர் சொன்னார்கள்.
சிலர் கடலைப் பார்த்தார்கள்.
தம்பிக் கடலரசி
அண்ணன் பக்கம் நாடியை நீட்டி
"அவனைக் கேளும்" என்றார்.

பட்டியல் இப்போது செயலாளரின் மேசையில்.
ஒரு வரிசையில் விரலை வைத்தபடி
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்க்கிறார்.
தொகை: நல்.
காரணம்: மான்.